ரிவர்ஸ் கேமராவின் ஒயரை டிக்கிக் கதவிலிருந்து ஸ்டீரியோ வரை எந்த வழியாகக் கொண்டு செல்வது?

நொய்யல்வாசி, கோயம்புத்தூர்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 2019இல் வாங்கிய மாருதி சுசுகி வேகன் ஆர் உள்ளது. பின்புற பார்க்கிங் சென்சார் காருடனேயே வந்தது. ஆனால் எங்கள் சந்தில் சிறு பிள்ளைகள் எந்நேரமும் விளையாடிக்கொண்டிருப்பதால், அதன் ஒலியை மட்டும் நம்பி வண்டியைப் பின்னால் எடுக்க மனம் ஒப்பவில்லை. ஆகவே ஏழு அங்குலத் திரை கொண்ட ஸ்டீரியோவைப் பொருத்திவிட்டு, ரிவர்ஸ் கேமரா ஒன்றையும் வாங்கி வைத்திருக்கிறேன். அதனுடன் 6 மீட்டர் வீடியோ கேபிள் கொடுத்திருக்கிறார்கள்; இரு முனைகளிலும் மஞ்சள் பிளக் உள்ளது, கூடவே மெல்லிய சிவப்பு ஒயர் ஒன்றும் ஓடுகிறது.

கேமராவைப் பொருத்துவது பற்றி அருகிலுள்ள கடை ஒன்றில் விசாரித்தேன். டிக்கிக் கதவின் பீடிங்கிற்கு (ஓர ரப்பர் பட்டைக்கு) அடியில் ஒயரைச் செருகி உள்ளே எடுத்து, இருக்கைகளுக்கு நடுவே தரை விரிப்பின் கீழாக முன்னே கொண்டு சென்றால் வேலை விரைவில் முடிந்துவிடும் என்றார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. நானே நிதானமாகச் செய்ய விரும்புகிறேன். மல்டிமீட்டரும் சோல்டரிங் அயர்னும் பயன்படுத்தத் தெரியும். ஆனால் காரின் உள்பக்க பிளாஸ்டிக் மூடிகளை இதுவரை கழற்றியதில்லை.

கதவிலிருந்து வண்டியின் உடலுக்குள் ஒயரை எப்படிக் கடத்துவது, அங்கிருந்து இடப்பக்கமாகச் செல்வதா வலப்பக்கமாகச் செல்வதா, 6 மீட்டர் போதுமா, கேமராவுக்கு மின்சாரம் எங்கிருந்து எடுப்பது ஆகியவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


வைகைக்கரையான், மதுரை:

வணக்கம் தம்பி. கார் மின்பணிதான் என் தொழில். முதலில் அந்த பீடிங் வழிக்கு எக்காரணம் கொண்டும் சம்மதிக்காதீர்கள். டிக்கியைச் சுற்றியுள்ள பீடிங் மழைநீரைத் தடுப்பதற்காக இருப்பது. அதன் அடியில் ஒயர் சென்றால் அந்த இடம் சற்று எழும்பி நின்று, ஒயரின் இரு பக்கமும் இடைவெளி விழும். நீர் அதில் புகுந்து, ஒயரைப் பற்றிக்கொண்டே உள்ளே இறங்கிவிடும். அதைவிடக் கேடானது, கதவைச் சாத்தும்போதெல்லாம் தகட்டு விளிம்பு ஒயரை நசுக்குவது. வீடியோ கேபிளின் நடுக்கம்பியைச் சுற்றி ஒரு பின்னல் கம்பி இருக்கிறது. நடுவிலுள்ள உறை நசுங்கி இரண்டும் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் படம் வராது. மின்சார ஒயர் நசுங்கி பாடியைத் தொட்டால் ஃபியூஸ் எரியும். ரிவர்ஸ் விளக்கும் அதனோடு சேர்ந்து அணைந்துவிடும்.

கீல்களுக்கு அருகே, கதவையும் உடலையும் இணைக்கும் மடிப்பு மடிப்பான ரப்பர் குழாய் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். வைப்பர், நம்பர் பிளேட் விளக்கு, கதவுப் பூட்டு ஆகியவற்றின் ஒயர்கள் அதற்குள்தான் செல்கின்றன. உங்கள் கேபிளும் அதன் வழியாகவே செல்ல வேண்டும். இந்த வேலை முழுவதிலும் பொறுமை மிகுதியாகத் தேவைப்படும் இடம் இதுதான். மற்றவை எல்லாம் மூடியைக் கழற்றிச் செருகி மாட்டும் வேலை மட்டுமே.

குழாயின் இரு முனைகளையும் தகட்டிலிருந்து விடுவித்துக்கொள்ளுங்கள். சிலவற்றில் ரப்பர் உதடு மட்டும் இருக்கும்; சிலவற்றில் உள்ளே பிளாஸ்டிக் வளையமும் அதில் கொக்கிகளும் இருக்கும். கொக்கியை அழுத்தாமல் இழுத்தால் ரப்பர் கிழிந்துவிடும். ஜன்னல் திரை மாட்டப் பயன்படும், பிளாஸ்டிக் உறையிட்ட ஸ்பிரிங் கம்பியை எடுத்து, அதன் முனையைக் கூர்மை தெரியாதபடி டேப்பால் சுற்றி, கதவுப் பக்கத்திலிருந்து மெதுவாகத் தள்ளுங்கள். ஏற்கெனவே உள்ள ஒயர்களின் உறையைக் கீறிவிடக் கூடாது என்பதற்காகவே டேப் சுற்றச் சொல்கிறேன். வழுக்குவதற்குச் சோப்பு நீரோ சிலிகான் ஸ்பிரேயோ போதும். கிரீஸையும் எஞ்சின் ஆயிலையும் தவிர்த்துவிடுங்கள். எண்ணெய் பட்ட ரப்பர் நாளடைவில் உப்பித் தளர்ந்துவிடும்.

கம்பி மறுபுறம் வந்ததும் கேபிளை அதனுடன் கட்டி இழுக்கலாம். ஆனால் மஞ்சள் பிளக் தடிமனானது, மடிப்புகளில் முட்டி நிற்கும். அப்போது பிளக்கைப் பிடித்து இழுக்காமல், பிளக்கிற்குப் பின்னால் கேபிளின் மேலுறையோடு சேர்த்துக் கட்டி, முன்முனை கூம்பாக வரும்படி டேப்பைச் சுற்றிக்கொள்ளுங்கள். வீடியோ பிளக்கும் மின்சார பிளக்கும் ஒரே நேரத்தில் நுழையாமல், ஒன்று சென்ற பிறகு அடுத்தது செல்லும்படி முன்பின்னாக அமையுங்கள். எப்படியும் நுழையவில்லை என்றால், மின்சார ஒயரை வெட்டி, அந்தப் பக்கம் சென்றபின் சோல்டர் செய்து இணைக்கலாம். வீடியோ கேபிளை வெட்ட வேண்டாம்.

மற்றொன்றையும் கவனியுங்கள். உங்கள் வண்டியில் பின்விளக்குகள் டிக்கிக் கதவில் இல்லை, பக்கத் தூண்களில் நிற்கின்றன. கேமராவோ கதவில் அமரப்போகிறது. எனவே ரிவர்ஸ் விளக்கிலிருந்து எடுக்கும் மின்சாரமும் அதே ரப்பர் குழாய் வழியாகக் கதவுக்கு ஏற வேண்டும். இதை முன்பே நினைவில் வைத்து, வீடியோ கேபிளையும் கேமராவுக்கு மின்சாரம் தரும் சிவப்பு, கருப்பு ஒயர்களையும் ஒரே முறையில் கடத்திவிடுங்கள். ஒன்றைக் கடத்திவிட்டு மற்றொன்றுக்காக மீண்டும் கம்பியை நுழைத்தால், முதலில் சென்றது சேதமாகும்.

கடத்திய பிறகு, குழாய்க்குள் இருக்கும் பகுதி இறுக்கமாக இல்லாமல் கதவை முழுவதும் திறந்து மூடிப் பாருங்கள். திறந்த நிலையில் இழுபடாமலும், மூடிய நிலையில் மடங்கி நெரிபடாமலும் இருந்தால், குழாயின் இரு வாய்களையும் தாண்டி உள்ளே ஒவ்வோர் இடத்தில் டை (ஒயர் கட்டும் பிளாஸ்டிக் பட்டை) போட்டு நிறுத்துங்கள். குழாய்க்குள் எதையும் கட்டக் கூடாது. ரப்பர் உதடு தகட்டில் சுற்றிலும் சரியாக அமர்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஓரிடம் மடங்கியிருந்தாலும் மழை கூரைத் துணிக்குள் இறங்கும்.


பொன்மலையார், திருச்சி:

நொய்யல்வாசி அவர்களுக்கு, கதவைக் கடந்த பிறகு வரும் பகுதியை நான் சொல்கிறேன். காருக்குள் ஒயர் செல்லும் வழியைத் தீர்மானிக்கும்போது, அங்கே அசைவது எது, வெடித்து விரிவது எது, கால் படுவது எது என்று பார்த்து, இம்மூன்றையும் விட்டு விலகும் வழியையே தேர்ந்தெடுக்க வேண்டும். கடைக்காரர் சொன்ன நடுவழி முதற்சோதனையிலேயே தோற்றுவிடும். முன் இருக்கைகள் முன்னும் பின்னும் நகரும் தண்டவாளங்களும், இருக்கைக்கு அடியில் செல்லும் பிற இணைப்புகளும் அங்கேதான் உள்ளன. இருக்கையின் கால் கேபிளின் மேல் ஏறினால், அந்தச் சேதம் விரிப்புக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாமலே வளரும்.

நம் நாட்டில் ஸ்டீரிங் வலப்பக்கம் இருப்பதால் இடப்பக்க வழியே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. வலப்பக்கம் சென்றால் கேபிள் முடிவில் பிரேக், கிளட்ச் மிதிகளுக்கு மேலாகத்தான் ஸ்டீரியோவை அடைய வேண்டும். அங்கே ஒரு டை அறுந்து கேபிள் தொங்கி மிதிக்குள் சிக்கினால் நேரக்கூடியதை விளக்க வேண்டியதில்லை. இடப்பக்கம் கிளவ் பாக்ஸைக் கழற்றிவிட்டால், அதன் பின்னாலிருந்து ஸ்டீரியோவின் முதுகுவரை கை நுழையும் அளவுக்கு இடம் கிடைக்கும். மீதமாகும் கேபிளை வைப்பதற்கும் அதுவே இடம்.

கூரையின் பின் மூலையிலிருந்து பின்தூண் மூடிக்குள் இறங்கி, டிக்கியின் பக்கவாட்டு மூடிக்குப் பின்னால் வந்து, பின்னிருக்கையின் ஓரமாக வாசற்படி மூடிக்குள் நுழைய வேண்டும். அங்கிருந்து இரு வாசற்படிகளின் வழியாக முன்னே வந்து, முன்பயணியின் கால்பகுதியில் உள்ள பக்க மூடிக்குள் ஏறி, கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் போய்ச் சேரலாம். வாசற்படி மூடிகள் பெரும்பாலும் கிளிப்புகளில்தான் நிற்கும். பிளாஸ்டிக் நெம்பிகள் விலை குறைவாகக் கிடைக்கின்றன, அவற்றையே பயன்படுத்துங்கள். ஸ்க்ரூடிரைவர் விளிம்பைக் கடித்துவிடும். வெயிலில் நின்ற வண்டியில் பிளாஸ்டிக் இளகியிருப்பதால் கிளிப்புகள் உடையாமல் வரும். மார்கழிக் காலையில் அதே வேலையைச் செய்தால் சில கிளிப்புகள் முறிவது இயல்பு. வாசற்படிக்குள் நிறுவனத்தார் வைத்த ஒயர்க்கற்றை ஓடும். அதன் மேல் உங்கள் கேபிளைக் கிடத்தி, துணி டேப்பால் ஆங்காங்கே சேர்த்துச் சுற்றுங்கள். சாதாரண பி.வி.சி. டேப் நம் ஊர் வெப்பத்தில் பசை கசிந்து பிசுபிசுத்துவிடும். துணி டேப்பாக இருந்தால் ஒயர் தகட்டில் தட்டும் சத்தமும் வராது.

பாதுகாப்பு குறித்து ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மஞ்சள் உறையோ மஞ்சள் கப்ளரோ (ஒயர் இணைப்பானோ) உள்ள ஒயர்களைக் கண்டால் அவை ஏர்பேக்கும் சீட் பெல்ட்டை இழுத்திறுக்கும் கருவியும் சார்ந்தவை என்று கொண்டு, தொடாமல் விலகிச் செல்லுங்கள். மல்டிமீட்டர் முனையைக்கூட அவற்றில் வைக்கக் கூடாது. வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுச் சில நிமிடங்கள் காத்திருங்கள், ஏனெனில் ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் சேமிப்பு மின்சாரம் சிறிது நேரம் தங்கியிருக்கும். உங்கள் 2019 வண்டியில் ஏர்பேக் முன்புறம் மட்டுமே உண்டு, கூரையோரத்தில் இல்லை. இதைப் படிக்கும் பிறருக்காகச் சொல்கிறேன்: 2024 மே மாதம் வெளிவந்த ஸ்விஃப்ட் போன்று ஆறு ஏர்பேக் உள்ள வண்டிகளில், கூரையின் ஓரம் முழுவதும் திரை ஏர்பேக் மடித்து வைக்கப்பட்டிருக்கும். அதன் விரியும் பாதையில் ஒயர் குறுக்கே சென்றாலோ, ஒயரை அதனுடன் சேர்த்து டை போட்டாலோ, உயிர் காக்க வேண்டிய நேரத்தில் அது தடைப்படும். அத்தகைய வண்டிகளில் கூரை வழியை எண்ணிப் பார்க்கவே வேண்டாம்.


அடையாற்றுக்காரன், சென்னை:

பொன்மலையார் சொன்ன இடப்பக்க வழியுடன் உடன்படுகிறேன். ஆனால் வாசற்படி மட்டுமே வழி என்பதில் எனக்குச் சிறிது மாற்றுக் கருத்து உண்டு. எங்கள் பகுதியில் மழைக்காலத்தில் ஈரச் செருப்பும் குடையும் வாசற்படியில்தான் முதலில் வடிகின்றன. தெருவில் நீர் தேங்கும் நாட்களில் வண்டிக்குள் தண்ணீர் ஏறினால் அதுவும் அங்கேதான் முதலில் சேரும். கூரையோரத்தில் ஏர்பேக் இல்லாத வண்டியில், கூரைத் துணியின் ஓரத்துக்கு மேலாகக் கேபிளைச் செருகி, முன் தூண் வழியாக இறக்கினால் எப்போதும் உலர்ந்தே இருக்கும். ரப்பர் குழாயும் மேலேயே இருப்பதால் கேபிள் நீளமும் மிச்சமாகும். கூரைத் துணி மென்மையான அட்டையால் ஆனது என்பதால், விரலால் மட்டும் தள்ள வேண்டும், வளைத்து இழுத்தால் மடிப்பு விழுந்து அப்படியே நின்றுவிடும். வாசற்படி வழியை எடுப்பதானால், எந்த இணைப்பும் அதற்குள் வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே துண்டாகக் கேபிள் ஓடும்வரை ஈரம் ஒன்றும் செய்யாது. பிளக்கும் எக்ஸ்டென்ஷனும் சேரும் இடம் இருந்தால் அங்கே பச்சை படிந்து படம் மங்கும்.

நீளத்தைப் பொறுத்தவரை, உங்கள் வண்டியின் மொத்த நீளம் 3655 மில்லிமீட்டர். ஆனால் கேபிள் நேர்கோட்டில் செல்வதில்லை. கேமராவிலிருந்து கதவின் மேல்வரை ஏறி, தூணில் இறங்கி, மீண்டும் டேஷ்போர்டுக்குள் ஏற வேண்டும். வாசற்படி வழியில் 6 மீட்டர் மட்டுமட்டாகத்தான் வரும். சணல் கயிறு ஒன்றை எடுத்து, ஒயர் செல்லப்போகும் வழி முழுவதும் அதை வைத்து அளந்துவிட்டு முடிவு செய்யுங்கள். குறைந்தால் எக்ஸ்டென்ஷன் போடுவதைவிட 10 மீட்டர் கேபிளாகவே வாங்கிவிடுவது நல்லது.

வயர்லெஸ் கேமரா வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லை என்று யாரேனும் சொல்லக்கூடும். அதற்கும் பின்னால் மின்சார ஒயர் வேண்டும், ரப்பர் குழாயைக் கடக்கவும் வேண்டும். மிச்சமாவது நடுவழி ஒன்றுதான். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வைஃபையும் புளூடூத்தும் நெரிசலாக இருக்கும் இடத்தில் படம் தாமதிக்கும் அல்லது விட்டுவிட்டு வரும். பிள்ளைகள் நிற்கும் சந்தில் படம் ஒரு நொடி தாமதிப்பதையும் ஏற்க முடியாது.

மின்சாரத்துக்கு, ரிவர்ஸ் விளக்கின் கப்ளரில் மல்டிமீட்டரை வையுங்கள். கை பிரேக்கைப் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, எஞ்சினை இயக்காமல் சாவியை ஆன் நிலையில் திருப்பி, ரிவர்ஸ் கியரைப் போட்டால் மட்டும் 12 வோல்ட் வரும் ஒயரே உங்களுக்கு வேண்டியது. ரிவர்ஸ் பல்பு பொதுவாக 16 முதல் 21 வாட் வரை இருக்கும். இத்தகைய கேமரா எடுக்கும் மின்சாரம் அதனுடன் ஒப்பிட மிகச் சிறிது என்பதால் அந்த ஒயருக்குச் சுமை ஏறாது. ஆனாலும் கேமராவுக்குச் செல்லும் ஒயரில் 1 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றைத் தனியாகப் போடுங்கள். ஒயரைக் கடித்துப் பிடிக்கும் நீலக் கிளிப்புகளைத் தவிருங்கள். அவை சில இழைகளை அறுத்துவிடும், ஈரத்தில் அரிக்கும். சோல்டர் செய்து, சூட்டில் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுவதே நிலையானது. வீடியோ கேபிளுடன் ஓடும் மெல்லிய சிவப்பு ஒயரின் பின்முனையையும் அங்கேயே இணைத்துவிட்டால், முன்முனை ஸ்டீரியோவின் ரிவர்ஸ் ஒயரில் சேர்ந்து, கியர் விழுந்ததும் திரை தானாக மாறும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு மூடியைக்கூடக் கழற்றும் முன், கேபிளை இருக்கைகளின் மேலாகவே போட்டு, தற்காலிகமாக இணைத்துப் படம் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். கேமரா ஏ.எச்.டி. (உயர் தெளிவு அனலாக் வீடியோ) வகையாகவும் ஸ்டீரியோ சாதாரண வீடியோவை மட்டும் ஏற்பதாகவும் இருந்தால், எவ்வளவு நேர்த்தியாக ஒயர் ஓட்டியும் பயனில்லை.


நொய்யல்வாசி, கோயம்புத்தூர்:

மூவருக்கும் உளமார்ந்த நன்றி. சொன்னபடியே கேபிளை இருக்கைகளின் மேல் போட்டுச் சோதித்தேன். எஞ்சின் ஓடாதபோது படம் தெளிவாக இருக்கிறது. எஞ்சினை இயக்கியவுடன் குறுக்குக் கோடுகள் மெதுவாக மேலே ஏறிக்கொண்டே இருக்கின்றன; ஏ.சி. போட்டால் இன்னும் கூடுகிறது. கேமராவின் கருப்பு ஒயரைப் பின்விளக்கு அருகே உள்ள ஒரு போல்ட்டில் எர்த் செய்திருந்தேன். இது கேமராவின் குறையா?

வைகைக்கரையான் ஐயாவிடம் இன்னொன்று: கேமராவுடன் வந்த பட்டை, நம்பர் பிளேட்டின் திருகுகளிலேயே மாட்டும்படி உள்ளது. அவ்வாறு மாட்டலாமா?


அடையாற்றுக்காரன், சென்னை:

கேமராவைக் குறை சொல்வதற்கு முன் எர்த்தைப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் என்னும் மின் உற்பத்திக் கருவியிலிருந்து வரும் மின்சாரமும் ஏ.சி. விசிறியின் மின்சாரமும் வண்டியின் உடல் வழியாகவே திரும்புகின்றன. அதனால் பின்னால் உள்ள போல்ட்டுக்கும் ஸ்டீரியோவின் எர்த்துக்கும் இடையே சிறு மின்னழுத்த வேறுபாடு ஏற்படுகிறது. கேமராவின் எர்த் பின்னாலும் ஸ்டீரியோவின் எர்த் முன்னாலும் இருக்கும்போது, அந்த வேறுபாடு வீடியோ கேபிளின் பின்னல் கம்பி வழியாகப் பாய்ந்து, கோடுகளாகத் திரையில் தெரிகிறது.

இதை உறுதி செய்ய எளிய வழி உண்டு. யு.பி.எஸ். கருவியில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி கிடைத்தால், கேமராவுக்கு மட்டும் அதிலிருந்து மின்சாரம் கொடுங்கள். அதன் நெகட்டிவை வண்டியின் உடலில் இணைக்க வேண்டாம். எஞ்சின் ஓடியும் கோடுகள் மறைந்துவிட்டால் கேமராவும் கேபிளும் நல்லவை என்று பொருள். அப்போது கேமராவின் கருப்பு ஒயரைப் பின்னால் எர்த் செய்யாமல், 0.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் ஒன்றை வீடியோ கேபிளுடன் சேர்த்து முன்னே கொண்டுவந்து, ஸ்டீரியோவின் எர்த் ஒயரிலேயே இணைத்துவிடுங்கள். ஒரே எர்த் என்றானதும் கோடுகள் போய்விடும். அப்படியும் சிறிது மிஞ்சினால் கேமராவின் மின்சார ஒயரில் மின் இரைச்சலை வடிகட்டும் நாய்ஸ் ஃபில்டர் ஒன்றைச் சேர்க்கலாம். மூடிகளைக் கழற்றும் முன்பே இது தெரியவந்ததால், அந்த எர்த் ஒயரையும் ரப்பர் குழாய்க்குள் ஒரே முறையில் கடத்திவிடலாம்.


வைகைக்கரையான், மதுரை:

தம்பி, நம்பர் பிளேட் திருகில் மாட்ட வேண்டாம். 2019 ஏப்ரல் 1 முதல் தயாரிக்கப்பட்ட வண்டிகளுக்கு உயர் பாதுகாப்புப் பதிவுத் தகடு கட்டாயம். பின்தகடு திரும்பக் கழற்ற முடியாத பூட்டு ரிவெட்டுகளால் பொருத்தப்பட்டிருக்கும். அதை உடைத்துக் கழற்றுவதும், தகட்டில் துளையிடுவதும், கேமராப் பட்டை எண்ணையோ ஹாலோகிராமையோ மறைப்பதும் சட்டச் சிக்கலில் கொண்டு விடும். தகட்டுக்கு மேலே நம்பர் பிளேட் விளக்கு இருக்கும் பிளாஸ்டிக் பட்டையின் அடிப்பகுதியில் கேமராவை அமையுங்கள். விளக்கைக் கழற்றிப் பார்த்தால், அதன் ஒயர் செல்லும் துளையிலேயே இன்னொரு மெல்லிய ஒயர் நுழைய இடம் இருக்கிறதா என்று தெரியும். இருந்தால் கதவின் தகட்டில் துளையிடும் வேலையே இல்லை.

துளையிட்டே ஆகவேண்டும் என்றால், உள்பக்க மூடியைக் கழற்றி, பின்னால் ஒயர்க்கற்றையோ வைப்பர் மோட்டாரோ இல்லை என்று பார்த்த பிறகே டிரில்லை வையுங்கள். இரும்புத் தூள் கதவுக்குள் விழாதபடி துணி வைத்துக்கொள்ளுங்கள், விழுந்த தூள் ஒரு மழைக்காலத்திலேயே துருவாகிக் கறை இறக்கும். துளையின் விளிம்பை அரம் கொண்டு மழுக்கி, டச்-அப் பெயின்ட் இரு பூச்சு பூசி, காய்ந்தபின் ரப்பர் கிரோமெட் (துளை விளிம்பில் அமரும் வளையம்) போட்டு ஒயரைச் செருகுங்கள். வெளியே கேமராவுக்கும் கிரோமெட்டுக்கும் இடையே ஒயர் சற்றுத் தாழ்ந்து வளைந்து, பிறகு மேலேறி நுழைய வேண்டும். அப்போதுதான் ஒயரில் ஓடிவரும் நீர் அந்தத் தாழ்வில் சொட்டி வெளியே விழும். கதவுக்குள் இருக்கும் பிளக் இணைப்பை ஸ்பாஞ்ச் சுற்றி, அடித்தட்டில் கிடக்காமல் மேலே ஒரு கற்றையோடு கட்டுங்கள். இவற்றை முடித்ததும், உள்மூடியை மாட்டுவதற்கு முன் கதவைச் சாத்திவிட்டு, கீல் பக்கத்திலும் நம்பர் பிளேட் பக்கத்திலும் ஹோஸால் நன்றாகத் தண்ணீர் அடித்து, பிறகு திறந்து ரப்பர் குழாயின் வாயையும் கிரோமெட்டின் உள்பக்கத்தையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஈரம் தென்பட்டால் அந்த இடத்தைச் சரிசெய்துவிட்டு மீண்டும் தண்ணீர் அடித்துப் பாருங்கள். உலர்ந்திருந்தால் மூடியை மாட்டலாம்.